காப்புக் கட்டிய கையும் ஒரு துண்டு ஸ்டேக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மருமகன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஸ்டேக் சுட்டார். ஹட்டனில் மத்தியான நேரத்தில் மழை பெய்யாவிட்டால்தான் அது செய்தி. அன்றைக்கு அதற்கு என்ன தோன்றியதோ, பெய்யவில்லை. மருமகன் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். பாதியாக அறுத்த பீப்பாயில் கரி, மேலே கம்பி வலை, பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் போன். போனில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லச் சொல்ல இவர் செய்துகொண்டிருந்தார். இறைச்சிக்குள் ஊசி மாதிரி ஒன்றைக் குத்தி வைத்திருந்தார். உள்ளே எவ்வளவு சூடு என்று அந்த ஊசி போனுக்குச் சொல்லிவிடுமாம். இறைச்சியும் போனும் பேசிக்கொள்கிற காலத்தையும் பார்த்துவிட்டேன், இனி என்ன வேண்டும்.

"வீட்டுக்குள்ள வேணாங்க, அம்மா படம் இருக்கு" என்று மகள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால்தான் கொல்லைப்பக்கம். என் மனைவி சரசு போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் இருந்த வரைக்கும் மாட்டிறைச்சி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. இப்போதும் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்திருக்கிறது.

பாதியில் அந்த ஊசி பேச்சை நிறுத்திவிட்டது. பற்றரி தீர்ந்துபோயிருக்க வேண்டும். மருமகன் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, நீங்க பங்களாவுல கோக்கியா இருந்தவராமே. தொட்டுப் பாத்து, வெந்துருச்சான்னு சொல்லுங்களேன்."

எழுந்து போனேன். கொழுப்பு உருகிக் கரியில் விழுந்து, புகை முகத்தில் அடித்தது. நீட்டிய விரலை அப்படியே மடக்கிக்கொண்டேன். "அதெல்லாம் மறந்துபோச்சுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பச்சைப் பொய். எதுவும் மறக்கவில்லை, மறந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் கோக்கியானதே மழைக்குப் பயந்துதான். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டம். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் மழைக்குக் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறோம், மழை ஊற்றுகிறது. பங்களாவில் இருந்த பழைய கோக்கி மகள் வீட்டோடு இருக்கப் பொகவந்தலாவைக்குப் போய்விட்டார். யாருக்குச் சமைக்கத் தெரியும் என்று துரை கேட்டார். அன்றைக்கு என் பெயர் தண்ணீர் ஓடக் கானு வெட்டுகிற வேலையில் இருந்தது. கையைத் தூக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்த சமையல் பருப்பும் ரொட்டியும்.

துரை சிங்களவர். தோட்டத்திலேயே தமிழ் பழகியவர், அதனால் எல்லோரையும் நீ வா போதான், ஆனால் கெட்டவர் இல்லை. பங்களாக் குசினியில் முதல் வாரம் ஸ்டேக் போடச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். "ஒருக்காத்தான் பெரட்டணும், தெரியுதா?" என்றார். நான் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க தொர, காலையில ஆறரைக்கு ஒருக்காத்தான்" என்றேன். இறைச்சியைப் புரட்டுவதை அவர் சொன்னார், எனக்குப் பெரட்டு என்றால் ஆள் எண்ணுகிறதுதான். அவர் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பங்களாவுக்கு வந்த விருந்தாளி ஒருவர் விடாமல் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

ஆனால் ஸ்டேக் எனக்குக் கைவந்துவிட்டது. ஏன் என்று தெரியாது. பூண்டுலோயா கடைவீதியில் இறைச்சிக்கடை நானா என் முகத்தைக் கண்டதும் இரண்டு விரல் கனத்துக்கு வெட்டிவிடுவார். பிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைக்க வேண்டும். துணியால் ஈரம் ஒற்ற வேண்டும். உப்பு, இடித்த மிளகு, அவ்வளவுதான். அடுப்புக்கு மிலாறு, கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியின் காய்ந்த குச்சி. அது எரிந்து தணலாகும்போது ஒரு வாசம் வரும், இந்தக் கடைக்கரியில் அது இல்லை. தணலின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நோண்டக் கூடாது. ஒருமுறை புரட்டிய பிறகு நடுவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அப்படியே இடது கைப் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதையையும் அழுத்திப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கினால் உள்ளே சிவப்பு, வெளியே முறுகல். அதற்குக் கணக்கெல்லாம் கிடையாது, விரலுக்குத் தெரியும். இத்தனைக்கும் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. சாமி கும்பிடுகிற வீடு. ஆக்குகிற கைக்குத் தோஷம் இல்லை, தின்கிற வாய்க்குத்தான் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு.

கோக்கி வேலையில் இன்னொரு நன்மை இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கோக்கியின் மனைவி மலை ஏற வேண்டியதில்லை. பங்களாவுக்குப் பின்னால் ஒற்றை அறையாக ஒரு காம்பரா கொடுத்திருந்தார்கள், சரசு அங்கே துணி துவைத்து, தோட்டம் கொத்தி, நிழலில் இருக்கலாம். அதற்கு முன்னால் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிக் கொழுந்து எடுத்தவள்தான். ஏறித்தான் இரண்டு தடவை வயிற்றில் வந்தது நிற்காமல் போனது. மூன்றாவது தடவை, பங்களாவுக்கு வந்த பிறகு, ஐந்து மாதம் தாண்டியது. ஐந்து மாதத்தை நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. அவள் நடக்கிறபோது வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடப்பாள், விழுந்துவிடப்போகிறது என்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

அந்த வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நான் காப்புக் கட்டினேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதும் தாயே, உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். மஞ்சள் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டிவிட்டால் ஒன்பது நாளைக்கு மச்ச மாமிசம் தின்னக் கூடாது, தொடவும் கூடாது. வீட்டுச் சட்டிபானையெல்லாம் விளக்கி, கருவாட்டு டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட வேண்டும். துரையிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். "சரி சரி, நான் ஒம்பது நாளைக்கி பருப்பும் மரக்கறியும் சாப்பிடுறேன்" என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஐந்தாம் நாள் காலை துரை குசினிக்கே வந்துவிட்டார். அவர் அப்படி வருகிறவர் இல்லை. கம்பெனியின் பெரிய ஐயா கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டாராம், மறுநாள் மத்தியானம் இங்கேதான் சாப்பாடாம். துரையை மாற்றப்போகிறார்கள் என்று தேயிலை ஸ்டோரில் ஏற்கெனவே பேச்சு இருந்தது.

"கோக்கி, அந்த மனுசன் வேற எதுவும் சாப்பிட மாட்டாரு. ஸ்டேக்தான். இறம்பொட பங்களாவுல போன மாசம் செருப்புத் தோல் மாதிரி போட்டாங்களாம், அத இன்னும் சொல்றாராம்."

நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கயிற்றைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும். நான் வேற யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அதட்டியிருந்தால்கூட முடியாது என்று சொல்லியிருப்பேன். இப்படிக் கேட்டால் என்ன செய்வது. அவர் போய்ப் புதுத் துரை வந்தால் புதுக் கோக்கி வருவார், எப்போதும் அப்படித்தான். அப்புறம் சரசு கூடையை மாட்ட வேண்டும். ஐந்து மாத வயிற்றோடு, அதே மலை. சமைத்தால் ஆத்தாளுக்குக் குற்றம், சமைக்காவிட்டால் மலை. எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பிள்ளைதான் குறுக்கே நின்றது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் எனக்கே இத்தனை வருடத்தில் விடை கிடைக்கவில்லை, உங்களை வம்பில் மாட்டுவானேன்.

துரைதான் வழி கண்டுபிடித்தார். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பி ஒரு ஜோடி ரப்பர் கிளவுஸ் வரவழைத்தார். "இதப் போட்டுக்கிட்டா நீ தொடலதானே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கிளவுஸை மடியில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரியும் தோட்டத் தலைவரும் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பந்தல் வேலை நின்றுபோனது.

பூசாரி கிளவுஸை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது என்னா, தோலா?"

"ரப்பருங்க."

"தோல்னா கூடாது. செத்த மாட்டுத் தோலப் போட்டுக்கிட்டு மாட்டயே தொட்டா ரெண்டு மடங்குல்ல."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். அவர் இளமையில் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர். "ரப்பருங்கிறது மரத்துப் பாலு. காலையில போய் வெட்டி, சிரட்டையில புடிக்கிறது. பாலுல தீட்டு ஏதுப்பா?"

"பாலா?" என்றார் பூசாரி.

"பாலுதான். ஆத்தாளுக்கு நாம ஊத்துறதும் பாலுதான்."

தீர்ப்பு அப்படி முடிந்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. சரசுவிடம் போய்ச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பாலுன்னா சரிங்க. ஆனா கயிறு நனையாமப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நானாவிடம் வாங்கிய இறைச்சி மூன்று துண்டு. ஒன்று பெரிய ஐயாவுக்கு, ஒன்று துரைக்கு, கூடுதலாக ஒன்று. கிளவுஸைப் போட்டுக்கொண்டேன். உள்ளே வெள்ளை மாவு, விரல் வேர்த்து வழுக்கியது. இடுக்கியால் தூக்கி வைத்தேன். துரையின் துண்டை முதலில் போட்டேன். ஒருமுறை புரட்டினேன். அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரப்பர்தான் அமுங்குகிறது, இறைச்சி என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. குத்துமதிப்பாக எடுத்து ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம், செருப்புத் தோலேதான். கூடுதல் துண்டைப் போட்டேன். பயத்தில் சீக்கிரம் எடுத்துவிட்டேன், உள்ளே பச்சை. மேசையில் தட்டுச் சத்தம் கேட்கிறது. துரை கதவடியில் வந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில். கெட்டுப்போன இரண்டு துண்டையும் பார்த்தார், அந்தச் சாம்பல் துண்டைத் தன் தட்டில் வைக்கும்படி சைகை காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

கடைசித் துண்டைத் தணலில் வைத்தேன். புரட்டினேன். கிளவுஸைக் கழற்றினேன். நடுவிரலை வைத்தேன்.

ஒரு நொடிதான் இருக்கும். பதமாக இருந்தது.

பெரிய ஐயா நன்றாகச் சாப்பிட்டார். போகும்போது குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். துரையை மாற்றவில்லை. நான் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போய் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு விரலைத் தேய்தேயென்று தேய்த்தேன். யாரும் பார்க்கவில்லை. சரசு கேட்டாள், "கிளவுஸு நல்லா இருந்துச்சாங்க?" நல்லா இருந்துச்சு என்றேன்.

ஒன்பதாம் நாள் தீச்சட்டி எடுத்தேன். குற்றம் உள்ள கையை ஆத்தா சுட்டுவிடுவாள், சட்டி கீழே விழும், ஊர் பார்க்கும் என்று நினைத்தேன். கோயிலிலிருந்து தொழிலாளர் வீடுகள் இருக்கிற மேல் லயம், பங்களாச் சந்தி, மறுபடி கோயில். சுடவில்லை. ஒரு கொப்புளம்கூட இல்லை. இறக்கி வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். மன்னித்துவிட்டாள் என்று நம்பினேன், சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். தினமும் தணலில் கிடக்கிற கோக்கி கைக்குச் சூடு அவ்வளவு லேசில் தெரியாது என்பது என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தான். ஆண். மூன்று நாள் இருந்தான். துரைதான் ஜீப்பைக் கொடுத்தார், ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். சில பிள்ளைகள் இப்படித்தான், யாரும் செய்த குற்றம் இல்லை என்று மிட்வைப் அம்மா என் தோளைத் தொட்டுச் சொன்னார். தலையை ஆட்டினேன். என் நடுவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்த சரசு திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, ஒன்னு சொன்னா அடிப்பீங்களா?"

நான் அவளை அடித்ததே இல்லை. அப்படிக் கேட்கிறாள்.

"நீங்க காப்புக் கட்டியிருந்தப்ப நான் மாசி சம்பல் தின்னுட்டேங்க. மேல் லயத்து அக்கா இடிச்சுக்கிட்டு இருந்துச்சு, வாசம் தாங்க முடியல. வாய்க்கு எதுவுமே புடிக்காம இருந்துச்சா, ரெண்டு வாய் வாங்கித் தின்னுட்டேன். அதான் புள்ள போயிருச்சு."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடி பைத்தியமே, நீ தின்றது மாசிக் கருவாட்டுத் தூள், நான் தொட்டது மாட்டிறைச்சி, அதுவும் காப்புக் கையால் என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னது, "அதுக்கெல்லாம் ஆத்தா கோவிக்க மாட்டா, துணியப் புழி" என்பதுதான். அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்று பயம். அது மட்டும் என்றால் பரவாயில்லை. அவள் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்ட அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் லேசாகிவிட்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. லேசாகிவிட்டது, உண்மை அதுதான்.

அன்றிலிருந்து சரசு மாசியைத் தொடவில்லை. இந்த நாட்டில் மாசி இல்லாமல் சாப்பிடுவது என்ன லேசா. பருப்பில் இருக்கும், தேங்காய்ச் சம்பலில் இருக்கும், கடை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கிறதில் இருக்கும். எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், "மாசி போட்டிருக்கா?" என்று முதலில் கேட்பாள். நீங்கள் சைவமா என்பார்கள். இல்லை, கோழி சாப்பிடுவேன் என்பாள். கோழி தின்று மாசி தின்னாத விரதத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறோம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை பாருங்கள்.

ஐந்து வருடம் கழித்து மகள் பிறந்தாள். அதற்குள் நான் கோக்கி வேலையை விட்டுவிட்டு ஹட்டனில் ஒரு கடையில் சேர்ந்திருந்தேன். ஸ்டேக் போட மாட்டேன் என்று ஒருநாள் சொன்னேன், துரை காரணம் கேட்கவே இல்லை. சரசுவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். ஒருதரம் கண்டி பஸ்ஸில், இறம்பொடை வளைவுகளில் போய்க்கொண்டிருக்கும்போது துணிந்து ஆரம்பித்தேன். "சரசு, அன்னிக்கிப் பங்களாவுல அந்தப் பெரிய ஐயா வந்தாருல்ல..." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பேசாம வாங்க, கொமட்டுது" என்றாள். அப்பாடா என்று வாயை மூடிக்கொண்டேன். மனிதனுக்குத் தப்பிக்க ஒரு வளைவு போதும்.

மகள் முழுகாமல் இருந்தபோது சரசு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். நான் அதே அறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாசி மட்டும் தின்னுறாத தாயி. உங்க அண்ணன நான்தான் தின்னுட்டேன்."

நான் பூண்டு உரித்துக்கொண்டேயிருந்தேன். உரித்து முடித்த பிறகும் தோலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதற்கு ஆறு வாரத்தில் சரசு போய்விட்டாள். சர்க்கரை, அப்புறம் நெஞ்சு. பேரனை அவள் பார்க்கவில்லை.

அந்தப் பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர் தங்குகிற ஹோட்டல். துரை எங்கேயோ அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு இருப்பதாகக் கேள்வி. தலைவர் இல்லை, பூசாரி இல்லை. கோயிலுக்கு டைல்ஸ் போட்டு, கோபுரம் வைத்துவிட்டார்கள். பங்களாவுக்குப் பின்னால் இருந்த எங்கள் காம்பராவை இடித்து ஜீப் நிறுத்த இடமாக்கியிருக்கிறார்கள். பிள்ளையைப் புதைத்த இடத்தில் தேயிலையை மறுபடி நட்டுவிட்டார்கள், எந்தச் செடி என்று என்னால் இனிச் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஒருவழியாகச் சுட்டு முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேரனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். மகள் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் தொட்டுப் பார்க்க மாட்டேன் என்று சொன்னீர்கள், அவர் மனசு கஷ்டப்பட்டார் என்றாள். நான் அவளிடம் சொன்னேன். கிளவுஸிலிருந்து பீலி வரைக்கும், பஸ் வளைவு உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருடமாக வராத பேச்சு அன்றைக்குத் தடையில்லாமல் வந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

மகள் கையிலிருந்த சின்னச் சட்டையை மடிக்காமல் வைத்திருந்தாள்.

"அம்மா மாசி தின்னாமலே செத்துச்சேப்பா" என்றாள்.